நிலம் தேடிச் சென்ற மக்கள்

உங்கள் அட்லாஸில் வட அமெரிக்கா அமைந்துள்ள பக்கத்தை விரித்துப் பாருங்கள். தென்கிழக்கு மூலையில் ஒரு விரலைப் போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறதே, அதுதான் புளோரிடா. அங்கிருந்து மேற்கே பார்வையைச் செலுத்தினால், ஆயிரம் மைலுக்கும் அப்பால் ரியோ கிராண்டே என்னும் ஆறு ஓடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் மெக்சிகோவிற்கும் எல்லையாக நிற்பது அந்த ஆறு. அதற்குத் தெற்கே கோவாவிலா என்னும் மெக்சிகோ மாநிலம் இருக்கிறது. அம்மாநிலத்தில், மூஸ்கிஸ் என்ற நகருக்கு அண்மையில், சபினாஸ் ஆறு தோன்றும் இடத்தில், நாசிமியெந்தோ என்றொரு சிற்றூர் உண்டு. அதன் பெயரை உங்கள் அட்லாஸில் தேட வேண்டாம், இராது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பிறப்பு என்பது பொருள். ஆற்றின் ஊற்றுக்கண்ணையும் அச்சொல்லாலேயே அழைப்பர்.

அவ்வூரில் மக்காச்சோளமும் பூசணியும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டு, ஆடு மாடு வளர்த்து வாழ்ந்துவரும் மக்களுக்கு மஸ்கோகோ என்று பெயர். அவர்கள் ஸ்பானியம் பேசுவர். ஆயினும் அவர்களுடைய குடும்பப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களாக இருக்கும். இறந்தவருக்காகவும் திருநாளுக்காகவும் அவர்கள் கைதட்டிப் பாடும் பாடல்களும் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் தம்மைச் செமினோல் என்னும் அமெரிக்கத் தொல்குடியின் கிளை என்றே கூறிக்கொள்வர். ஆப்பிரிக்கர், தொல்குடியினர், ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இந்நான்கும் ஒரு சிற்றூரில் எங்ஙனம் வந்து கூடின? இதற்கு விடை கூறப் புகுந்தால், ஒரு துண்டு நிலத்துக்காக ஒரு மக்கட் கூட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த நடையைக் கூற வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புளோரிடா ஸ்பானியர் வசம் இருந்தது. அதற்கு வடக்கே கரோலினா ஆங்கிலேயர் வசம். கரோலினாவின் சதுப்பு நிலங்களில் நெல் விளைவித்துப் பெரும் பொருள் ஈட்டிய தோட்ட முதலாளிகள், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்தும் மக்களைப் பிடித்துவரச் செய்து அவர்களை அடிமைகளாக்கினர். இந்த நிலையில் 1693ஆம் ஆண்டு ஸ்பானிய மன்னர் இரண்டாம் சார்லஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆங்கிலேயர் பகுதியிலிருந்து ஓடிவந்து கத்தோலிக்க சமயத்தைத் தழுவும் அடிமைகளுக்கு விடுதலை அளிக்கப்படும் என்பது அந்த ஆணை. மன்னருடைய கருணை இதில் எவ்வளவு, ஆங்கிலேயருக்கு நட்டம் விளைவிக்கும் எண்ணம் எவ்வளவு என்று நான் பிரித்துக் கூற முற்படவில்லை. ஓடிவந்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவும் இல்லை. 1738இல் புனித அகஸ்டின் நகருக்கு வடக்கே மோஸே என்னும் இடத்தில் அவர்களுக்கென ஒரு கோட்டையும் ஊரும் அமைக்கப்பட்டன. வடக்கிலிருந்து ஆங்கிலேயர் படையெடுத்தால் முதலில் எதிர்நின்று போரிட வேண்டியவர்கள் அவ்வூரார்தாம். நிலமும் விடுதலையும் வேண்டுமானால் துப்பாக்கி ஏந்தி எல்லையில் நில்லுங்கள் என்னும் இந்த ஒப்பந்தத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வரலாற்றில் அது மீண்டும் மீண்டும் வரப்போகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிரீக் என்னும் தொல்குடியினரின் சில பிரிவினர் வடக்கிலிருந்து புளோரிடாவுக்குள் வந்து குடியேறினர். அவர்களே பின்னர் செமினோல் எனப்பட்டனர். கட்டுக்கு அடங்காது காட்டில் திரிவது என்னும் பொருள்படும் சிமரோன் என்ற ஸ்பானியச் சொல்லே திரிந்து செமினோல் ஆயிற்று என்பர். தப்பி ஓடிய அடிமைகளையும் ஸ்பானியர் அதே சொல்லால்தான் குறித்தனர். ஆகவே இவ்விரு கூட்டத்தாரும் ஒன்றுசேர்வதற்கு முன்பே அவர்களுடைய பெயர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டன எனலாம்.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்த முறை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. செமினோல் தலைவர்களிடமும் அடிமைகள் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த அடிமை முறை, கரோலினாவில் சாட்டையுடன் மேற்பார்வையாளன் நின்ற முறை அன்று. கறுப்பினத்தார் தனி ஊர்களில் தங்கள் வீடுகளில் வாழ்ந்தனர். தங்கள் வயல்களில் தாங்களே பயிர் செய்தனர். கால்நடைகளையும் துப்பாக்கிகளையும் உடையவராக இருந்தனர். அறுவடையில் ஒரு பங்கைத் தலைவருக்குச் செலுத்தினர். அவர் அழைத்தபோது போருக்குச் சென்றனர். நிலத்துக்கு வாரம் கொடுக்கும் குடியானவர் நிலை என்று சொன்னால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். இவ்வூர்களுள் பெயர் பெற்றது பிலக்லிகாஹா. ஆபிரகாம் என்னும் கறுப்பினத் தலைவர் அங்கே வாழ்ந்தார். அவர் ஆங்கிலமும் மஸ்கோகீ மொழியும் அறிந்தவர். செமினோல் தலைவர்களுக்கும் வெள்ளையருக்கும் இடையே நடந்த பேச்சுகளில் அவரே மொழிபெயர்த்தார்.

1821இல் புளோரிடா அமெரிக்க ஐக்கிய நாட்டின் கைக்கு மாறியது. அடிமை முதலாளிகளின் கண்ணுக்குப் பிலக்லிகாஹா போன்ற ஊர்கள் ஊர்களாகவே தோன்றவில்லை. தங்களிடமிருந்து களவுபோன உடைமைகள் ஒளித்து வைக்கப்பட்ட இடங்களாகத் தோன்றின. சிலர் வரப்போவதை அறிந்து, படகேறிக் கடல் கடந்து, பகாமாத் தீவுக் கூட்டத்தில் ஆன்ட்ராஸ் தீவின் ரெட் பேஸ் என்னும் கரையை அடைந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் வாழ்கின்றனர். மற்றவர்கள் நிலத்தை விட்டுப் போக மறுத்தனர்.

1830இல் தொல்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் இயற்றப்பட்டது. அதை எதிர்த்து 1835 டிசம்பரில் எழுந்த இரண்டாம் செமினோல் போர் 1842 வரை நீடித்தது. அமெரிக்க அரசாங்கம் ஏறத்தாழ 1,500 படைவீரர்களை இழந்தது. அவர்களுள் பெரும்பாலோர் நோயினால் மாண்டனர். பிலக்லிகாஹா 1836இல் தீக்கிரையாயிற்று. போர் தொடங்கியவுடன் கிழக்குக் கரையின் கரும்புத் தோட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான அடிமைகள் ஓடிவந்து செமினோல் பக்கம் சேர்ந்தனர். படைத்தலைவர் ஜெசப் நிலைமையை விரைவில் உணர்ந்துகொண்டார். இது தொல்குடியினரின் போர் அன்று, கறுப்பினத்தாரின் போர் என்று அவரே தம் மேலிடத்துக்கு எழுதினார். 1837இல் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில், கறுப்பினத்தாரும் செமினோல் மக்களுடன் பாதுகாப்பாக மேற்கே செல்லலாம் என்ற விதி இருந்தது. ஆனால் சரணடைந்தோர் தங்கியிருந்த இடத்துக்கு அடிமை பிடிப்போர் வரத் தொடங்கினர். மக்கள் மீண்டும் காட்டுக்குள் ஓடினர். போர் மீண்டும் மூண்டது. 1838இல் ஜெசப் மற்றொரு வாக்குறுதி தந்தார். செமினோல் தரப்பை விட்டுப் பிரிந்து சரணடையும் கறுப்பினத்தார் மேற்கே சுதந்திர மனிதராக வாழலாம் என்பது அது. அதனை நம்பி வந்தவர்களுள் ஒருவர், அப்பொழுது இருபத்தைந்து வயதைக் கடந்திருந்த ஜான் ஹார்ஸ்.

இம்மனிதரைப் பற்றிச் சற்றுக் கூறத்தான் வேண்டும். செமினோல் தந்தைக்கும் ஆப்பிரிக்க வழித் தாய்க்கும் பிறந்தவர் இவர் என்பர். சிறுவனாக இருந்தபோது இவர் அமெரிக்கப் படை அதிகாரி ஒருவருக்கு நில ஆமைகளை விற்றுவந்தாராம். அதிகாரியின் பட்டியிலிருந்து அதே ஆமைகளை எடுத்துவந்து அவருக்கே மறுபடியும் மறுபடியும் விற்றாராம். அதனால் ஆமை ஜான் என்று பொருள்படும் பட்டப்பெயரும் இவருக்கு வந்தது. இக்கதையை அவருடைய மக்கள் பல தலைமுறை சிரித்துச் சிரித்துச் சொல்லிவந்தனர். 1837 நவம்பரில் புனித அகஸ்டின் நகரக் கோட்டைச் சிறையிலிருந்து கோவாகூச்சி என்னும் செமினோல் இளந்தலைவர் தம் கூட்டாளிகளுடன் தப்பிச் சென்றார். அவர்களுள் ஜான் ஹார்ஸும் ஒருவர். இவ்விருவருடைய நட்பு பிற்காலத்தில் ஒரு மக்கட் கூட்டத்தையே எல்லை கடக்கச் செய்தது.

மேற்கே, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதியில், செமினோல் மக்கள் கிரீக் மக்களின் ஆட்சிக்கு உட்படுத்தப்பட்டனர். கிரீக் முதலாளிகளிடம் அடிமை முறை கடுமையாக இருந்தது. ஜெசப் வாக்களித்த விடுதலையை அங்கே மதிப்பார் இல்லை. குழந்தைகளையும் பெண்களையும் இரவில் தூக்கிச் சென்று விற்கும் கூட்டத்தார் மிகுந்தனர். கறுப்பினத்தார் பலர் கிப்சன் கோட்டைப் படையின் நிழலில் வந்து தங்கினர். ஜான் ஹார்ஸ் வாஷிங்டன் நகரம் வரை சென்று முறையிட்டார். இறுதியில் 1848இல் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் தம் முடிவைத் தெரிவித்தார். ஒரு படைத்தலைவருக்கு அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே ஜெசப்பின் வாக்குறுதி செல்லாது என்றார் அவர். பத்தாண்டுகளாகச் சுதந்திர மனிதராக வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் மறுபடியும் அடிமைகளாயினர். சட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்து வழக்கறிஞர் எழுதியது சரியாகவே இருக்கலாம். அந்த வாக்குறுதியை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு அவருடைய நூல்களில் இடம் இருக்கவில்லை.

1849இன் இறுதியில் கோவாகூச்சியும் ஜான் ஹார்ஸும் தத்தம் மக்களைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டனர். குழந்தை குட்டிகளுடன் டெக்சாஸைக் குறுக்கே கடந்து, வழியில் விதைத்து அறுத்துப் பசியாறி, 1850 ஜூலையில் ரியோ கிராண்டே ஆற்றை அடைந்தனர். அக்கரை மெக்சிகோ. 1829இலேயே அடிமை முறையை ஒழித்துவிட்ட நாடு அது. மெக்சிகோ அரசாங்கத்துக்கும் ஒரு தேவை இருந்தது. கமாஞ்சி, அப்பாச்சி முதலிய குடியினரின் தாக்குதல்களால் அதன் வட எல்லை பாழ்பட்டுக் கிடந்தது. எல்லையைக் காத்துத் தருவீர்களாயின் உழுவதற்கு நிலம் தருகிறோம் என்றது அரசாங்கம். நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மோஸேயில் ஸ்பானியர் பேசிய அதே பேரம் இது. 1852இல் அவர்களுக்கு நாசிமியெந்தோ நிலம் கிடைத்தது.

ஊற்று நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தனர். மரக்கழிகளை நட்டுச் சேறு பூசிய சுவர்களின் மேல் புல் வேய்ந்து வீடு கட்டினர். மரத்தைக் குடைந்து உரல் செய்து சோளம் இடித்தனர். அதைக் கூழாகக் காய்ச்சி, புளோரிடாவில் செமினோல் மக்கள் அழைத்த சோஃப்கீ என்ற அதே பெயரால் அழைத்தனர். ஆனால் அமைதியாக உழுதிருக்க அவர்களை விட்டவர் யார்? ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்துவந்து அடிமைகளைப் பிடித்துச் செல்வது டெக்சாஸில் ஒரு தொழிலாகவே இருந்தது. 1855 அக்டோபரில் கலஹன் என்பவர் தலைமையில் டெக்சாஸ் படை ஒன்று மெக்சிகோவுக்குள் நுழைந்தது. அப்பாச்சியரைத் துரத்தி வந்ததாக அவர்கள் கூறிக்கொண்டனர். திரும்பும்போது பியெத்ராஸ் நெக்ராஸ் என்னும் எல்லை நகரைத் தீயிட்டுச் சென்றனர். 1857இல் கோவாகூச்சி அம்மை நோயால் இறந்தார். அவருடைய செமினோல் கூட்டத்தார் 1861க்குள் வடக்கே திரும்பிச் சென்றுவிட்டனர். திரும்பிச் செல்ல ஜான் ஹார்ஸின் மக்களால் இயலவில்லை; அங்கே அவர்களுக்குக் காத்திருந்தது அடிமைச் சந்தை. 1859இல் மெக்சிகோ அரசாங்கம் அவர்களுள் பலரை, எல்லையிலிருந்து வெகு தொலைவில் உள்ள பார்ராஸ் ஏரிப் பகுதிக்கு அனுப்பிவைத்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறையும் ஒழிந்தபின், புதிய அழைப்பொன்று வந்தது. 1870இல் அமெரிக்கப் படையின் அதிகாரி ஒருவர் நாசிமியெந்தோவுக்கு வந்தார். எல்லைப்புறத்தின் ஒவ்வொரு தடமும் நீரூற்றும் அறிந்த இம்மக்கள் சாரணர்களாக டெக்சாஸில் பணியாற்ற வேண்டும் என்று பேசினார். அதற்கு ஈடாகத் தங்களுக்கு உணவும் நிலமும் வாக்களிக்கப்பட்டன என்று இம்மக்கள் உறுதியாக நம்பினர். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் ஜான் கிபெட்ஸ் என்பவர் தலைமையில் முதற் கூட்டத்தார் ஆற்றைக் கடந்து டங்கன் கோட்டையை அடைந்தனர். 1872 முதல் அவர்களுள் பெரும்பாலோர் கிளார்க் கோட்டையருகே லாஸ் மோராஸ் ஓடைக் கரையில் தங்கி, சாரணப் பணியும் உழவும் ஒருசேர நடத்தினர்.

அந்தச் சாரணர்களின் வீரத்தைப் பற்றி ஐயமே இல்லை. எந்தக் காலத்திலும் அவர்கள் தொகை ஐம்பதை அதிகம் தாண்டியதில்லை. புல்லிஸ் என்னும் இளம் அதிகாரியின் தலைமையில் 1873 முதல் 1881 வரை அவர்கள் சென்ற பயணங்கள் பல. அவற்றில் ஒரு சாரணர்கூடப் போர்க்களத்தில் இறக்கவில்லை. 1875 ஏப்ரல் 25ஆம் நாள் பீக்கோஸ் ஆற்றங்கரையில் கமாஞ்சியரிடம் குதிரையிழந்து தனித்து நின்ற புல்லிஸை, ஜான் வார்டு, ஐசக் பெய்ன், பாம்பி ஃபாக்டர் என்னும் மூவர் குண்டு மழைக்கிடையே திரும்பிச் சென்று மீட்டனர். மூவருக்கும் மெடல் ஆஃப் ஹானர் என்னும் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் வீரச் செயலுக்காக ஆடம் பெய்ன் என்பவரும் அதே பதக்கத்தைப் பெற்றிருந்தார்.

வீரத்தைச் சொன்னபின் மற்றொன்றையும் சொல்லுவது நேர்மை. 1873 மே மாதத்தில் அமெரிக்கப் படை எல்லை கடந்து ரெமோலினோ என்னும் இடத்தில் கிக்கபூ, லிபான் அப்பாச்சி குடியினரின் ஊர்களைத் தாக்கி எரித்தது. படைக்கு வழி காட்டியவர்களுள் செமினோல் சாரணரும் இருந்தனர். கிக்கபூ மக்களோ நாசிமியெந்தோவில் இவர்களுக்கு அண்டை அயலாராக இருந்தவர்கள். தங்களைப் போலவே சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள். நிலமற்றோரைக் கொண்டே நிலமற்றோரை வெல்லும் தந்திரத்தை அரசாங்கங்கள் நன்கு அறிந்திருந்தன. அத்தந்திரத்துக்கு உட்படாமல் வாழ வேறு வழி இவர்களுக்கு இருந்ததா என்று எண்ணிப் பார்க்கிறேன். அன்றைய நிலையில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

இவ்வளவுக்கும் கைம்மாறாக வாக்களிக்கப்பட்ட நிலம் என்னவாயிற்று? அவர்கள் விண்ணப்பித்தனர்; புல்லிஸ் முதலிய அதிகாரிகளும் அவர்களுக்காக எழுதினர். கிளார்க் கோட்டை நிலம் எங்களுடையது அன்று, தருவதற்கில்லை என்றது படைத்துறை. 1866இல் செமினோல் நாட்டினருடன் உடன்படிக்கை செய்தபோது நீங்கள் அங்கு இல்லை, ஆகவே உங்களுக்கு உரிமை இல்லை என்றது தொல்குடியினர் துறை. 1870இல் எழுதப்பட்டதாக அவர்கள் நம்பிய உடன்படிக்கைப் பத்திரமோ எங்கும் அகப்படவில்லை. படையில் சேராத முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் தந்துவந்த உணவும் நிறுத்தப்பட்டது. 1876இல் ஜான் ஹார்ஸை இரவில் சுட்டனர்; குண்டு பாய்ந்தும் குதிரை அவரைச் சுமந்துவந்து காப்பாற்றியது. உடன் சென்ற டைட்டஸ் பெய்ன் இறந்தார். 1877ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில், ஒரு குற்றச்சாட்டின் பேரில் தேடப்பட்டுவந்த ஆடம் பெய்னைக் காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். சுட்டவரும் அதே வீரப் பதக்கத்தைப் பெற்றவர் என்பது விசித்திரம். அதன்பின் பாம்பி ஃபாக்டர் உள்ளிட்ட சிலர் வெறுப்புற்று மெக்சிகோவுக்குச் சென்றுவிட்டனர். ஃபாக்டர் பிற்காலத்தில் திரும்பிவந்து, 1926இல் ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1928இல் வறுமையில் இறந்தார்.

ஜான் ஹார்ஸும் நாசிமியெந்தோவுக்கே மீண்டார். அங்கும் நிலத்தின்மீது பிறர் உரிமை கொண்டாடத் தொடங்கியிருந்தனர். ஏறத்தாழ எழுபது வயதில், 1882இல், குடியரசுத் தலைவரிடமே முறையிடுவதற்காக அவர் மெக்சிகோ நகரத்துக்குப் புறப்பட்டார். அந்நகரிலேயே அவர் இறந்தார். ஆயினும் நாசிமியெந்தோ அவருடைய மக்களின் கையைவிட்டுப் போகவில்லை.

டெக்சாஸில் கதை வேறு விதமாக முடிந்தது. 1914இல் சாரணர் படை கலைக்கப்பட்டது. ஓடைக் கரையில் நாற்பதாண்டுகளாகத் திருத்தி வைத்திருந்த வயல்களையும் வீடுகளையும் விட்டு அவர்கள் வெளியேற்றப்பட்டனர். சிலர் அண்மையில் உள்ள பிராக்கெட்வில் ஊரில் கூலி வேலை பார்த்தனர். சிலர் ஆற்றைக் கடந்தனர். அந்த ஊருக்கு வெளியே உள்ள சாரணர் கல்லறைத் தோட்டம் அவர்களுக்கென நிலைத்த இடமாயிற்று. பதக்கம் பெற்ற நால்வரும் அங்கேதான் கிடக்கின்றனர்.

இவ்வரலாற்றில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தது ஏட்டினால் மட்டும் அன்று. 1940களின் தொடக்கத்தில் கென்னத் போர்ட்டர் என்னும் வரலாற்றாசிரியர் பிராக்கெட்விலிலும் நாசிமியெந்தோவிலும் முதியோர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைத்தார். படைத்துறைக் காகிதங்களையும் அம்முதியோரின் நினைவுகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 1981இல் அவர் இறந்த பின், 1996இல்தான் அவருடைய நூல் வெளிவந்தது. 1970களில் இயன் ஹான்காக் என்னும் மொழியியலார், பிராக்கெட்வில் முதியோர் தம் வீட்டுக்குள் பேசிய மொழியைக் கேட்டு, அது கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளில் அடிமைகள் பேசிய கல்லா மொழியின் நெருங்கிய உறவு என்று கண்டறிந்தார். நிலத்துக்குத்தான் பட்டா கிடைக்கவில்லை; எங்கிருந்து வந்தோம் என்பதற்கான சான்றை அவர்கள் நாவிலேயே காத்துவந்திருக்கிறார்கள்.

நாசிமியெந்தோவில் ஆண்டுதோறும் ஜூன் 19ஆம் நாள் திருவிழா நடைபெறுகிறது. 1865இல் அந்த நாளில்தான் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. நாசிமியெந்தோ மக்கள் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சுதந்திரம் அடைந்துவிட்டவர்கள். ஆகவே கணக்குப்படி அது அவர்களுடைய நாள் அன்று. ஆற்றுக்கு அப்பால் இருந்த உறவினரின் நாளைத் தங்கள் நாளாகவும் ஏற்றுக்கொண்டனர் போலும். 2017இல் கோவாவிலா மாநிலம் மஸ்கோகோ மக்களைத் தன் தொல்குடிகளுள் ஒன்றாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் இளைஞர்கள் வேலை தேடி டெக்சாஸுக்குச் செல்கின்றனர். வயதான பெண்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் தேத்தாபூன் என்னும் ரொட்டி சுட்டு, கருவி எதுவும் இன்றிக் கைத்தாளமிட்டு அந்தப் பழைய ஆங்கிலப் பாடல்களைப் பாடுகின்றனர். ஜூன் மாதத்தில் பிராக்கெட்வில் உறவினர்கள் ஆற்றைக் கடந்து தெற்கே வருகின்றனர். செப்டம்பரில் சாரணர்களின் நினைவு நாளுக்காக நாசிமியெந்தோவிலிருந்து வடக்கே செல்லுகின்றனர்.